மெழுகுக்காரர் வீட்டு முகங்கள்

தையல் டீச்சர் அன்றைக்குக் காலையில் தம்பியின் சட்டைக் காலரை மூன்று தடவை இஸ்திரி போட்டாள். மூன்றாம் தடவை போடும்போது காலரில் சுருக்கம் எதுவும் இல்லை. சுருக்கம் அவள் மனசில் இருந்தது.

"விடுக்கா, சட்டை கருகிடப் போகுது," என்றார் தம்பி, பனியனோடு நின்றபடி. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது. அக்காவின் முன்னால் மட்டும் அவர் சட்டைக்காகக் காத்து நிற்கிற பிள்ளை.

"கருகினா வேற சட்டை இருக்கு. வர்றவங்க முன்னால கசங்கி நிக்கக் கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் ஆளைப் பார்த்ததும் அளவெடுத்துடுவார். அவர் தொழிலே அது."

"மூக்குக்குத்தானேக்கா அளவெடுப்பார். காலருக்குமா?"

"வாயை மூடிட்டு கையை நீட்டு."

தம்பியின் பெண்ணை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய்விட்டது. இனிமேல் குடும்பத்துக்குக் குடும்பம் பிடிக்க வேண்டும். அதற்காகப் பையனைப் பெற்றவர்கள் அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தார்கள். தம்பி மனைவியும் பெண்ணும் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அடுப்படியில் நின்றார்கள். வந்தவர்களைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் எங்கே அழைத்துப்போவது என்ற கேள்விக்குத் தையல் டீச்சர் ஒரு மாசம் முன்பே பதில் வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் நிலம் கிடையாது, நகை கிடையாது. அப்பாவின் பெயர் இருந்தது. அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் மெழுகுக்காரராக இருந்தவர். கலர் போட்டோ கைக்கு எட்டாத காலத்தில், மருத்துவம் படிக்கிறவர்கள் பார்த்துப் படிப்பதற்காக, நோயாளிகளின் முகத்திலும் கையிலும் பிளாஸ்டரால் அச்செடுத்து, அதை மெழுகில் வார்த்து, புண்ணும் தடிப்பும் உள்ளது உள்ளபடி வர்ணம் தீட்டிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தவர். கடல் தாண்டியெல்லாம் டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். டாக்டர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கூடத்தில் அனுமதி கிடையாது. மெழுகுக்காரரின் சொந்த மகளே அதன் வாசற்படி மிதித்ததில்லை.

இந்த வருஷம்தான் திறந்துவிட்டிருந்தார்கள். ஊரின் பழைய மருத்துவ இடங்களுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டும் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் பழைய வாசலில் ஆரம்பித்து மெழுகுக் கூடத்தில் முடிப்பார்கள். டீச்சர் நாலு சீட்டு வாங்கிவைத்தாள். "நம்ம வாயால நம்ம பெருமையைப் பேசினா அது தம்பட்டம். அடுத்தவங்க பேசி அவங்க காதுல விழணும்," என்பது அவள் கணக்கு.

வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, கையில் மஞ்சள் குடை. தூறல் விழுந்தாலும் விழாவிட்டாலும் குடையை விரித்தே பிடித்திருந்தாள், கூட்டம் தொலைந்துபோகாமல் இருக்க. இருபது பேர் அதன் பின்னால் கோழிக்குஞ்சு மாதிரி நடந்தார்கள். மேகம் கவிந்து காற்றே இல்லை. கல் பாவிய தெருவில் ஈரமும் புழுக்கமும் சேர்ந்து செருப்புக்குள் வழுக்கியது.

முதலில் பழைய வாசல், நோயாளிகளை வண்டியிலிருந்து இறக்கிய மேடை. அப்புறம் அட்டைத் தொட்டி. இப்போது அது சைக்கிள் நிறுத்துமிடம். "இங்க பெண்கள் முழங்கால் அளவு தண்ணியில நிப்பாங்க. அட்டை வந்து காலைக் கடிச்சுத் தொங்கும். அதைப் பிய்ச்சு ஜாடியில போட்டு ஆஸ்பத்திரிக்கு விப்பாங்க. ரத்தம் உறிஞ்ச வைக்கிற வைத்தியத்துக்கு," என்றாள் வழிகாட்டி.

"அந்த அட்டைங்க எங்கயும் போகலம்மா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இப்ப பில் போடுற கவுண்டர்ல உக்காந்திருக்கு."

கூட்டம் சிரித்தது. தம்பி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி, கண்ணாடிக்கடையம்மா, "இவருக்கு எங்க போனாலும் வாய்தான் முன்னால போகும், உடம்பு பின்னால வரும்," என்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அளவாகப் புன்னகைத்தாள். சிரிக்கிற மனிதன் பரவாயில்லை, மருமகளாகப் போகிறவளை வாட்ட மாட்டான் என்று தனக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டாள்.

எதிர்க்கடையில் டீயும் பன்னும் ஆயிற்று. கண்ணாடிக்கடையம்மா பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்தபடி கேட்டாள்: "உங்கம்மா எப்படி இருப்பாங்க? வீட்டுல அப்பா போட்டோ மட்டும்தான் பார்த்தேன்."

"அம்மாவுக்கு போட்டோ கிடையாதுங்க. இருந்த ஒண்ணும் வெள்ளத்துல போயிடுச்சு. காய்ச்சல்ல போனாங்க. அப்ப எனக்குப் பத்து வயசு, இவனுக்கு ரெண்டு."

"அப்ப சம்பந்திக்கு அம்மா முகமே தெரியாதா?"

"எனக்கு அக்கா முகம்தான் அம்மா முகம்," என்றார் தம்பி. "கொஞ்சம் கடுகடுன்னு இருக்கும். பழகிடுச்சு."

மெழுகுக் கூடம் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே பாச்சை உருண்டை வாசனை. நீள அறை, உயர ஜன்னல்கள், இரண்டு பக்கமும் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரிகள். வாசல் பக்கம் பித்தளைத் தகட்டில் அப்பாவின் பெயரும் அதன்கீழ் ஒரு வரியும் வெட்டியிருந்தது: கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

"இது அந்தக் கலைஞரோட வாக்கு," என்றாள் வழிகாட்டி. "நோயாளி முகத்துல என்ன இருந்ததோ அதுதான் மெழுகுல இருக்கும். ஒரு தழும்பு கூடக் கற்பனை கிடையாது. அவரோட மகளும் மகனும் இன்னிக்கு நம்மகூட வந்திருக்காங்க."

இருபது பேரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் தம்பியின் தோளைத் தட்டினார். தையல் டீச்சர் நேராகப் பார்த்தபடி நின்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு மாசம். போட்ட தையல் போட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கூட்டம் அலமாரி அலமாரியாக நகர்ந்தது. கொப்புளக் கைகள், படை படர்ந்த முதுகு, உதடு வீங்கிய ஒரு கிழவர். எல்லா முகமும் கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தது. பிளாஸ்டர் போடும்போது கண்ணை மூடித்தானே ஆக வேண்டும். முகத்தில் எண்ணெய் தடவி, மூக்குத் துளையில் பஞ்சு சுற்றிய வைக்கோல் குழல் செருகி, பன்னிரண்டு நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும். குழல் நறுக்கியதும் பிளாஸ்டர் மாவு சலித்ததும் டீச்சர்தான், ஒன்பது பத்து வயதில், வீட்டுப் பின்கட்டில். மெழுகு இறுகியதும் புருவத்துக்கு மயிர் நடுகிற வேலையும் அவளுடையது. ஊசியைச் சூடாக்கி, ஒவ்வொரு மயிராக மெழுகில் குத்தி இறக்க வேண்டும். குழந்தை விரல்தான் அதற்கு வாகு என்பார் அப்பா. அந்த விரல்தான் பின்னால் நாற்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தது.

ஏழாவது அலமாரியின் முன் குடை நின்றது.

"இவங்ககிட்ட எப்பவும் கொஞ்ச நேரம் நிப்போம்," என்றாள் வழிகாட்டி, குரலைத் தணித்து. "வயசு முப்பதுக்குள்ள. விடுதியிலிருந்து கொண்டுவந்தாங்கன்னு குறிப்பு இருக்கு. எந்த விடுதின்னு உங்களுக்கே புரியும். மேகநோய், முத்தின நிலை. சொந்தம்னு ஒருத்தரும் வரல. பேரும் எழுதி வைக்கல. வாயோட ஓரத்தைப் பாருங்க, லேசா இழுத்துக்கிட்டு இருக்கு. அது வலி."

டீச்சர் முன்வரிசைத் தோள்களுக்கு நடுவே பார்த்தாள்.

முதலில் புருவத்தைத்தான் பார்த்தாள். இடது புருவத்தின் நடுவில் மூன்று மயிருக்கு இடம் விட்டிருந்தது. கதவுக் கொண்டி பட்ட தழும்பு. அந்த இடத்தை விட்டுவிட்டு நடு என்று அப்பா சொன்னதும், தாயின் சீப்பிலிருந்து எடுத்த மயிரை அவள் ஊசியில் குத்தியதும், வால் பக்கம் கோணிப்போனதை அப்பா பார்க்காமல் விட்டதும் எல்லாம் ஒன்றாக வந்து மோதின. முகத்தைப் பார்க்க அதற்குப் பிறகுதான் துணிந்தாள். நெற்றியிலும் வலது கன்னத்திலும் ஈயத்தைக் கொட்டியது மாதிரி புண். மற்றதெல்லாம் அம்மா.

வாயின் ஓரத்தில் இருந்தது வலி இல்லை. சிரிப்பு. முதல் அச்சு எடுக்கும்போது அம்மா சிரித்துவிட்டாள், பிளாஸ்டர் விரிசல் விட்டது. அப்பா திட்டினார். இரண்டாம் தடவை அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்தாள். அடக்கின சிரிப்பு அப்படியே ஐம்பத்தெட்டு வருஷமாக அங்கே இருந்தது.

இது பழகிப் பார்ப்பதற்கு, அப்புறம் உருக்கிவிடுவேன் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார்.

டீச்சரின் காதுக்குள் குக்கர் மூடி ஆடுவதுபோல ஒரு சத்தம். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் மூளை தனியாகக் கணக்குப் போட்டது. இது என் அம்மா என்று சொன்னால், அம்மாவுக்கு அந்த விடுதியும் அந்த நோயும் ஒட்டிக்கொள்ளும். நோய் அவளுடையது இல்லை, அப்பா வேறொருத்தியின் புண்ணை அவள் முகத்தில் வைத்தார் என்று சொன்னால், வாசலில் பித்தளையில் வெட்டியிருப்பது பொய். அப்பாவின் பெயர் போகும். அந்தப் பெயரைத் தவிர இந்தப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? பேசாமல் இருந்தால் இரண்டும் தப்பும். ஐம்பத்தெட்டு வருஷம் போன மாதிரி இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும்.

பேசாமல் இருப்பது என்று முடிவு செய்தாள்.

"த்சொ, எந்த வீட்டுப் பொண்ணோ," என்றாள் கண்ணாடிக்கடையம்மா.

தம்பி அலமாரியை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு லட்சணமான முகம்," என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் அவர் காதருகே குனிந்தார். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரல் எப்போதும் இரண்டு ஆள் தள்ளிக் கேட்கும். "இந்த லட்சணத்துக்குத்தான் தெருவே வரிசையில நின்னிருக்கும், என்ன சம்பந்தி? உங்க டிப்போவா இருந்தா டோக்கன் குடுத்திருப்பீங்க."

தம்பி சிரித்தார். சம்பந்தியின் முகத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பாகக்கூட இல்லை. குலுங்கிக் குலுங்கி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"டேய்!"

அந்த நீள அறையில் அது கன்னத்தில் அறை விழுந்த மாதிரி கேட்டது. இருபது தலையும் திரும்பின. அறுபது வயது ஆளை டேய் என்று கூப்பிட்டது அந்தக் கஞ்சி போட்ட மாதிரி நிற்கிற அம்மாளா என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"சிரிக்காதடா. அது அம்மா."

"எது?"

"நீ யாரைப் பார்த்துச் சிரிச்சியோ, அவங்க. நம்ம அம்மா."

தம்பியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. போகிற வழி தெரியாமல் நின்றது. கைக்குட்டை கீழே விழுந்தது. கண்ணாடிக்கடையம்மா ஒரு அடி பின்வாங்கினாள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

வழிகாட்டி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அம்மா, உங்களுக்கு ஏதோ சாயல்ல… குறிப்புல விடுதின்னு தெளிவா எழுதியிருக்கு."

"எழுதினது நோய்க்காரிக்கு. அவ யாரோ எனக்குத் தெரியாது, பாவம். புண்ணு அவளோடது, முகம் எங்கம்மாவோடது." டீச்சரின் குரல் வகுப்பில் அளவு சொல்கிற குரலாகவே இருந்தது. "ரெண்டு நாள் எங்கப்பா சாப்பிடல. அந்தப் பொண்ணு முகத்துல பிளாஸ்டர் போட்டா தோலோட வந்துடும்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தார். பெரிய டாக்டர் அவசரப்படுத்துறார்னும் சொன்னார். மறுநாள் காலையில அம்மா பெஞ்சுல படுத்தாங்க. மாவு கரைச்சுக் குடுத்தது நான். புருவம் நட்டதும் நான். உருக்கிடுவேன்னு சொன்னார். உருக்கல."

"அப்போ இரக்கப்பட்டுத்தான் செஞ்சிருக்கார்," என்றாள் வழிகாட்டி. அவள் கண் கலங்கிவிட்டது. "இது எவ்வளவு பெரிய…"

"இரக்கமா, வேலை போயிடும்ங்கிற பயமா, எனக்குத் தெரியாதும்மா. நான் சின்னப் பொண்ணு. வாசல்ல வெட்டியிருக்கிறது பொய்னு மட்டும் தெரியும்."

அதைச் சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. அப்பாவைப் பற்றி அந்தச் சொல்லை அவள் வாய் சொல்லும் என்று யாராவது காலையில் சொல்லியிருந்தால் இஸ்திரிப்பெட்டியாலேயே அடித்திருப்பாள்.

"அக்கா," என்றார் தம்பி.

"இத்தனை வருஷமா எத்தனை டாக்டருங்க பார்த்திருக்காங்க," என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார், நம்பாமல்.

"புண்ணைப் பார்த்தாங்க," என்றாள் டீச்சர். "முகத்தை யாரு பார்த்தா?"

கண்ணாடிக்கடைக்காரர் இதற்குள் அலமாரியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்தார். கடையில் வாடிக்கையாளரின் இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிற கோல். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அலமாரிக்குப் போனார். அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஒன்பதாவதில் நின்றார், பதிமூன்றாவதில் நின்றார், எதிர்ச் சுவரில் பதினெட்டாவதில் நின்றார்.

"இங்க வாங்க," என்றார். அவர் வாய் முன்னால் போகவில்லை. "மூக்கு மேட்டோட அகலம், புருவத்துத் தழும்பு… அது வாய்ப்புண்ணுன்னு போட்டிருக்கு. அது தாடையில கட்டி. இது கன்னத்துல படை. நோய் நாலு. ஆள் ஒண்ணுதான்." அப்புறம் தம்பியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்: "போன மாசம் உங்களுக்குக் கண்ணாடி மாத்தினேன். அதே மூக்கு. எனக்கு உறைச்சிருக்கணும். நான் போய் அந்த வார்த்தையை…"

அறை முழுக்க ஆட்கள் ஒவ்வொரு அலமாரியாக ஓடினார்கள். இதுவரைக்கும் படையையும் கட்டியையும் பார்த்தவர்கள் இப்போது நெற்றியையும் காதையும் பார்த்தார்கள். "இந்தப் பையன் அந்தம்மா மாதிரியே இல்ல?" என்று ஒரு குரல் கேட்டது. பன்னிரண்டாவது அலமாரியில், பையன், வயது பத்து, தலைச்சொறி என்று எழுதியிருந்த இடத்தில் டீச்சர் தன்னையே பார்த்தாள். முடியைக்கூட ஒட்ட வெட்டிவிட்டிருந்தார் அப்பா. மூக்குத் துளையில் குழல் உறுத்திய நினைவு திடீரென்று வந்து அவளுக்கு மூச்சு முட்டியது.

கண்ணாடிக்கடையம்மா கணவரின் முழங்கையைப் பிடித்தாள். பிறகு டீச்சரிடம் வந்து, மரியாதை குறையாமல், கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "மதியச் சாப்பாடு இன்னொரு நாள் வச்சுக்கலாங்க. இப்ப யாருக்கும் இறங்காது. ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது உலகத்துக்கே தெரியும்.

"சரிங்க," என்றாள் டீச்சர். "பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவ தப்பு இதுல எதுவும் இல்லைன்னு உங்க பையன்கிட்ட நீங்க சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் போகத் திரும்பினார். நின்றார். அளவுகோல் இன்னும் கையில் இருந்தது. மனைவி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் படி இறங்கினார். இறங்கும்போதும் தலை திரும்பியே இருந்தது. அந்தத் தலைக்குள் என்ன ஓடியது என்று டீச்சரால் அளக்க முடியவில்லை.

வழிகாட்டி கூட்டத்தை மெல்ல வெளியே அனுப்பினாள். போகும்போது பித்தளைத் தகட்டையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தம்பி ஏழாவது அலமாரியிலிருந்து நகரவே இல்லை. டீச்சர் பக்கத்தில் போனாள். பெண் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாயே என்பார், அப்பாவை நாலு பேர் முன்னால் பொய்யர் ஆக்கிவிட்டாயே என்பார், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நின்றாள்.

"இதுல இடது கன்னமும் வாயும் நல்லா இருக்குக்கா," என்றார் தம்பி.

"என்னடா?"

"நெத்தி முழுக்கப் புண்ணு. வலது கன்னமும் போச்சு. இடது கன்னத்துலயும் வாயிலயும் ஒண்ணுமில்ல. அப்ப அது அம்மாவோடதுதானே?" பதிலுக்குக் காத்திராமல் ஒன்பதாவது அலமாரிக்கு நடந்தார். டிப்போவில் பஸ் நேரம் குறிக்கப் போகிற அதே வேக நடை. "இதுல வாய் புண்ணு. நெத்தி சுத்தமா இருக்கு. நல்ல அகலமான நெத்தி." பதிமூன்றுக்குப் போனார். "தாடைதான் கட்டி. வலது கன்னம் நல்லா இருக்கு." அங்கிருந்து அறையைக் குறுக்கே கடந்து பதினெட்டுக்கு. "கன்னத்துல படை. தாடை இங்க இருக்கு." கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டார். மறுபடி முதலிலிருந்து நடந்தார், ஏழு, ஒன்பது, பதிமூன்று, பதினெட்டு. மூன்றாவது சுற்றில் முகம் ஒருமாதிரி விகசித்து உடனே சுருங்கிற்று.

"எல்லாம் கிடைச்சுடுச்சுக்கா. கண்ணு மட்டும் இல்ல. நாலுலயும் மூடியிருக்கு. திறந்தா எப்படி இருக்கும்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். அந்த வீட்டைப் பற்றிய எந்தக் கேள்விக்கும், எந்த வருஷம், யார் வந்தார், என்ன சொன்னார் என்று பதில் வைத்திருக்கிறவள் அவள். உள்ளே தேடினாள். அம்மா பெஞ்சில் படுத்திருந்தாள், கண் மூடியிருந்தது. காய்ச்சலில் கிடந்தாள், கண் மூடியிருந்தது. அதற்கு முன்னால் அடுப்பை ஊதக் குனிந்திருந்தாள், இமை தாழ்ந்திருந்தது. எந்த அம்மாவும் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

"தெரியலைடா," என்றாள்.

"சும்மா சொல்லுக்கா. பத்து வயசு வரைக்கும் பார்த்தியே."

"நிஜமாவே தெரியலை."

காவலாளி வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார். வெளியே மழை வலுத்திருந்தது. தம்பி அலமாரியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரமில்ல," என்றார். "யோசிச்சுச் சொல்லு. நான் நிக்கிறேன்."